குலை காத்திருக்காது

மண்பாதையில் ஓட்டும் கிரேவல் சைக்கிள் என்றதும் பலருக்கும் கண்முன் வருவது இத்தாலியின் டஸ்கனி. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்தேறும் வெள்ளை மண்பாதை, மேட்டில் ஒரு கல்வீடு, ஓரத்தில் சைப்ரஸ் மரங்கள். தார் பூசப்பட்டு மறைந்துகொண்டிருந்த அந்தப் பாதைகளைக் காப்பாற்றத்தான் 1997இல் கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் பழைய சைக்கிள்களோடு 'லெரோய்க்கா' ஓட்டம் தொடங்கியது. அதன் வழியில் வந்த ஸ்ட்ராடே பியான்கே பந்தயம் 2007 முதல் தொழில்முறை வீரர்களை அங்கே இழுக்கிறது. 2022இல் முதல் உலக கிரேவல் சாம்பியன் போட்டி நடந்ததும் இத்தாலியில்தான். ஆகவே நல்ல மண்பாதை என்றால் பக்கத்தில் திராட்சைக்கொடி இருந்தாக வேண்டும் என்று உலகம் முடிவுகட்டிவிட்டதில் வியப்பில்லை. என் கட்சி வேறு. மண்பாதையில் சைக்கிள் ஓட்டுவதை ஒரு கலையாக ரசிப்பதென்றால், மலேசியாவின் ஜொகூரிலுள்ள செம்பனைத் தோட்ட மண்சடக்குகளுக்கே முதலிடம் கொடுப்பேன். காட்சிக்காக அல்ல, சடக்குக்காக.

காரணம் மிக எளிது. திராட்சையில் ஆண்டுக்கு ஓர் அறுவடை. அது முடிந்தால் அங்குள்ள பாதைக்குப் பெரிய வேலை இல்லை. அதனால்தான் அதைக் காக்க ஆர்வலர்கள் வர வேண்டியிருந்தது. செம்பனையில் ஒவ்வொரு பிரிவுக்கும் பத்து முதல் பதினான்கு நாளுக்கொரு முறை, ஆண்டு முழுக்க, வெட்டு உண்டு. வெட்டிய குலை காத்திருக்காது. பழம் நசுங்கிய நேரத்திலிருந்து கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் விழும். ஆகவே ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தோட்டத்தின் கணக்கு. அப்படியென்றால் மலைச்சரிவோ ஆற்றுப் பள்ளமோ, ஒவ்வொரு பிரிவுக்கும் மழையிலும் லாரி போய்வரக்கூடிய சடக்கு வேண்டும். நடுவில் மேடு தூக்கி, இருபுறமும் தண்ணீர் வடியக் கான் வெட்டி, செம்புறைச் சரளை கொட்டி, உருளை ஏற்றி அழுத்திய இந்தச் சடக்குகளை அழகுக்காக யாரும் போடவில்லை. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கோத்தா திங்கி என்று எங்கே இறங்கினாலும் இந்த வலை விரிந்து கிடக்கிறது. இடையிடையே மரப்பாலமும் சிற்றாறும் வரும். தலைக்கு மேல் குனோங் லம்பாக்கோ குனோங் பெலுமுட்டோ நிற்கும்.

இந்தச் சடக்கை ஓட்டுவது என்பது அதை வாசிப்பதுதான். 40 மில்லிமீட்டர் அகல டயரில், காற்றைச் சற்றே குறைத்து வைத்துப் போகிறவருக்கு மண்ணின் நிறமே முதல் செய்தி. கருஞ்சிவப்பாகச் சிறு கற்கள் துருத்திக்கொண்டிருந்தால் டயர் பிடிக்கும், துணிந்து அழுத்தலாம். வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் வழுவழுப்பாக மின்னினால் அது களி. அங்கே பிரேக்கைத் தொடுவதே தப்பு. லாரிச் சக்கரம் பதிந்த இரண்டு தடங்களில் எது இறுகியது என்பது வளைவுக்கு வளைவு மாறும். சரிவின் அடியில், வண்டிகள் வேகம் குறைக்கும் இடத்தில், சக்கரங்கள் துள்ளித் துள்ளி மண்ணைக் குவித்த சிறு வரப்புகள் குறுக்கே வரிசையாகக் கிடக்கும். அவற்றின் மேல் ஹேண்டிலை இறுகப் பிடித்தால் கை மரத்துப்போகும், தளர விட்டால் சைக்கிள் தானே வழி கண்டுகொள்ளும். குலைகளை அடுக்கி வைக்கும் சடக்கோர மேடைகளருகே இன்னொரு பொறி உண்டு. உதிர்ந்த பழங்கள், கறுப்பும் செம்மஞ்சளுமாக, ஒவ்வொன்றும் எண்ணெய் நிறைந்தது. முன்சக்கரத்தில் ஒன்று நசுங்கினால் போதும், வளைவில் ஆளைக் கீழே தள்ளிவிடும். டஸ்கனியின் வெள்ளைச் சரளையில் இந்தப் பாடம் கிடையாது.

"எங்கே பார்த்தாலும் ஒரே மரம்தானே?" இதுதான் எல்லோரும் முதலில் எடுத்து வைக்கும் எதிர்ப்பு. ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடக் கேட்டுத் தலையாட்டும் நாம் இதைக் கேட்கலாமா என்று எனக்குத் தோன்றும். அது போகட்டும். செம்பனைத் தோட்டம் ஒரே மாதிரி இருப்பது காரில் போகிறவருக்கு. சைக்கிளில் வயது தெரியும். மூன்றாம் ஆண்டுக் கன்று முழங்காலுயரத்திலேயே காய்க்கத் தொடங்கி, வெயிலை அப்படியே சடக்கில் விடும். பத்தாண்டு மரம் மேலே கூரை கட்டும்; காற்று சட்டென்று குளிரும், சடக்கு ஈரம் காயாமல் பாசி பிடிக்கும். இருபது கடந்த மரத்தில் மட்டை வெட்டிய அடிகளிலெல்லாம் பெரணி தொங்கும். சுமார் 25 ஆண்டில் அத்தனையையும் சாய்த்து மறுநடவு செய்யும்போது, அதுவரை ஒளிந்திருந்த மேடுபள்ளமெல்லாம் படிப்படியான வரப்புகளோடு திடீரென்று வெளியே வரும். ஓரத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ டர்னேரா பூத்திருந்தால் அதுவும் அலங்காரமல்ல. மட்டையைத் தின்னும் புழுக்களை ஒடுக்கும் குளவிகளுக்குத் தேன் கொடுக்க வளர்ப்பது. கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது எலி பிடிக்கும் கூகைக்குக் கட்டிய வீடு.

இப்படிப்பட்ட தோட்டப் பாதை வலையின் அருமையை முன்பே பயன்படுத்திக்கொண்டது, வருத்தமான விஷயம்தான், ஒரு படை. 1942 ஜனவரியில் ஜொகூரைக் கடந்த ஜப்பானியர், நெடுஞ்சாலையை மறித்து நின்ற எதிரியைச் சுற்றிக்கொண்டு ரப்பர்த் தோட்டப் பாதைகளில் சைக்கிளில் போனார்கள். வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருகிறதோ என்று எதிரியைப் பதற வைத்ததாக அவர்கள் தரப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அதே படைதான் பின்னர் மலாயாத் தோட்டங்களின் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போனது. ஆனால் சடக்கைப் பற்றிய உண்மை மாறவில்லை: வந்த வழியே திரும்பாமல் நாள் முழுக்க ஓட்டலாம், ஒவ்வொரு முனையும் இன்னொன்றில் போய்ச் சேரும்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. காட்டை அழித்து, கூலிகளின் வியர்வையில் போட்ட சடக்கில் விலையுயர்ந்த சைக்கிளோடு போய் அழகைத் தேடுவது சரியா? காடு போனது உண்மை. செம்பனைக்கும் ரப்பருக்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைகளில் காம்பீர்ச் செடியும் மிளகும் நட்டபோதே அது தொடங்கிவிட்டது. சடக்கின் நேர்த்தி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது. ஆனால் தோட்டத்தை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மிச்சமிருக்கும் காட்டை மட்டும் ரசிப்பதும் நேர்மையாக எனக்குப் படவில்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துக் கான் வெட்டியது ஒரு கைத்திறன். அதைச் செய்த தமிழர், ஜாவானியர், சீனர் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. இன்று குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். முச்சந்தியில் தொழிலாளர் லயமும் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களமும் இருந்த தடமே இல்லாமல் முனியாண்டி கோயில் மட்டும் தனியாக நின்றால், அங்கே முன்பு யார் குடியிருந்தார்கள் என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும். டஸ்கனியின் வெள்ளைப் பாதையில் ஓட்டினால் நமக்கு இந்த வாசிப்பு வாய்க்காது. மற்றபடி, தோட்டம் ஒருவரின் சொத்து என்பதில் பேச்சில்லை. அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும், பூட்டிய வேலியைத் தாண்டக் கூடாது, டிராக்டர் வந்தால் ஓரத்தில் இறங்கி நிற்க வேண்டும்.

எதிர்ப்புகளில் வெயிலும் மழையும் மிச்சம். வெயிலுக்கு மருந்து விடியற்காலை. ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களின் நேரமும் அதுதான். மழைக்கு மருந்து கிடையாது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் களி டயரோடு ஒட்டி, ஃபோர்க்கில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கோத்தா திங்கி இருமுறை மூழ்கியதை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் ஆற்றோரத் தாழ்நிலங்கள் பக்கம் போக மாட்டார்கள். ஜூன், ஜூலையில் குளுவாங் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் தொடங்குவதே புத்திசாலித்தனம். சடக்கு இறுகியிருக்கும், பிற்பகல் மழை பெய்தாலும் சரளை மறுநாளே காய்ந்துவிடும்.