லண்டன் போகாத ‘ப்ரியா’

சுஜாதாவின் ‘ப்ரியா’ நாவல் லண்டனில் நடக்கும். 1978-ல் எஸ்.பி.முத்துராமன் படமாக்கியபோது சிங்கப்பூர் ஆகிவிட்டது. ‘ரெண்டும் ஃபாரின்தானே’ என்பீர்கள். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கி.மீ.; இன்றைக்கு நேராகப் பறந்தாலே பத்து மணி நேரத்துக்கு மேல். சிங்கப்பூர் 2,900-தான், நாலே மணி நேரம். கூப்பிட்டால் உதவிக்கு ஆள் வராத தூரம் கணேஷுக்கு வேண்டும். அது சிங்கப்பூரில் எடுபடவில்லை.

அதுவும் ராயபுரத்துக்காரர்களிடமா! பக்கத்துத் துறைமுகத்திலிருந்து ‘ரஜூலா’ கப்பல் எழுபதுகள் வரை, ஏறக்குறைய ஒரு வாரத்தில், ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கிய ஊர் அது. ‘எங்க மாமா அங்கதான் கீறார்’ என்பவனுக்கு அது எப்படி அந்நியமாகும்? டெக்கில் மூட்டையோடு படுத்துப் போனவர்களின் சிங்கப்பூரைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. படமோ பாட்டுக்குப் பாட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறது. இளையராஜா பாட்டு என்பதால் கோபம்கூட முழுசாக வரமாட்டேன் என்கிறது.