ஒன்று குறைய அறுநூறு

அல்லிநகரத்தில், வீரப்ப அய்யனார் கோயிலுக்குப் பிரியும் ரோட்டோரம் ஒரு டீக்கடை. போன வாரம் அங்கே வி.வி.குமாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். டென்னிஸ் பால் மேட்ச் முடித்து, வியர்வையோடு வந்த ஒரு தம்பி சட்டென்று கேட்டான்: ‘‘ரெண்டே ரெண்டு டெஸ்ட்டாண்ணே? அப்ப அவரு பெரிய பவுலர் இல்லையே!’’

நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள். பி.காம். படித்தவன் நான். கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சென்னை லெக் ஸ்பின்னர் குமார், 1955-56-ல் ஆட வந்தார். 1976-77 வரை 22 சீஸன். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 20 ரன்கூடக் கொடுக்கவில்லை. 1961 பிப்ரவரி, டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட்! அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக அடுத்தது. விக்கெட் இல்லை. அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டார்கள்.

‘அநியாயம்’ என்று உடனே கொடி பிடிக்க எனக்கு மனசில்லை. அதே தொடரை இந்தியா 2-0 என்று ஜெயித்தது. போர்டேயும் துரானியும் சுழற்றி எடுத்தார்கள். 1964-ல் சந்திரசேகர் வந்தார். 242 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். தேர்வாளர்களை எப்படித் திட்டுவது? ஆனால், டெல்லியில் அஞ்சு விக்கெட் எடுத்தவனுக்கு ஒரே ஒரு சறுக்கல்தான் அனுமதியா?

என் சண்டை தேர்வாளர்களோடு இல்லை, நம்மோடு. ஒருவர் வாழ்நாள் உழைப்பை, அவருக்குக் கிடைக்காமல் போனதை வைத்தே எடை போடுகிறோம். இங்கிலாந்தில் ஷாக்கிள்டன் என்று ஒரு பவுலர். ஹாம்ப்ஷயர் கவுன்டிக்காரர். 2,857 விக்கெட். டெஸ்ட் ஆடியதோ ஏழே ஏழு. அங்கே அவரைப் ‘பாவம்’ என்பதில்லை. ‘ஹாம்ப்ஷயர் ஷாக்கிள்டன்’ என்கிறார்கள். கவுன்டிக்கு ஆடுவதே ஒரு முழு வாழ்க்கை அங்கே. நமக்கு ரஞ்சி என்றால் வெயிட்டிங் ரூம்!

ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்த ராஜிந்தர் கோயல் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1973 ரஞ்சி ஃபைனலில், நம்ம சேப்பாக்கத்திலேயே தமிழ்நாட்டை 80, 61 என்று சுருட்டிய பம்பாய் ஷிவால்கரும் ஆடவில்லை. அந்த மேட்ச்சில் 13 விக்கெட் அவருக்கு. இருவருக்கும் வாரியம் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது 2017-ல்!

குமார் கதையில் இன்னொரு வேடிக்கை. மதராஸ் 1954-55-ல் ரஞ்சிக் கோப்பையை வாங்கியது. அடுத்த வருஷம் குமார் வந்தார். மறுபடி தமிழ்நாடு கோப்பை வாங்கியது 1987-88-ல். அவர் போய்ப் பதினோரு வருஷம் கழித்து. கோப்பை இல்லாத காலம் முழுக்க பந்து போட்ட மனுஷன்!

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். ‘‘அப்ப பெரிய பவுலர்தாண்ணே’’ என்றான். ‘‘அது இருக்கட்டும்டா, நத்தத்துல ரஞ்சி மேட்ச் நடந்துச்சே, போனியா?’’ என்றேன். சிரித்தான்.

நானும் போகவில்லை. நீங்கள்?