'எங்கள்' சக்தி, 'நம்' குழந்தை

விளையாட்டு வீரர்களின் விளம்பரங்களில் குழந்தை ஏன் வந்து நிற்கிறது? 'பார்க்க அழகாயிருக்கு, அதான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தக் குழந்தை அங்கே அலங்காரம் அல்ல, சாட்சி என்பதாகவே நான் வாசிக்கிறேன்.

பூஸ்ட் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். கபில்தேவ் காலத்தில் 'மை எனர்ஜி'. டெண்டுல்கர் வந்து, பக்கத்தில் சிறுவர்களும் சேர்ந்தபின் அது 'அவர் எனர்ஜி' ஆச்சு. தமிழில் இதைச் சொல்ல வந்தால் 'எங்கள்' என்பதா, 'நம்' என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். திரையில் நிற்பவர்கள் 'எங்கள்' என்கிறார்கள். வீட்டில் பார்க்கிற பிள்ளைக்கு அது 'நம்' என்று கேட்கிறது. வீரனின் உடலை உருவாக்கிய பயிற்சி, மைதானம், வர்க்கப் பின்புலம் எல்லாம் அழிக்கப்பட்டு அந்த இடத்தில் ஒரு டம்ளர் பானம் வைக்கப்படுகிறது. சிறுவன் அதற்குச் சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 திருத்தத்தின்படி 14 வயது நிரம்பாதவர்களை வேலையில் அமர்த்தக் கூடாது. விலக்குகள் இரண்டு: குடும்பத் தொழிலில் உதவுவது, 'கலைஞராக' இருப்பது. விளம்பரக் குழந்தை கலைஞர். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்கின்றன விதிகள். ஆனால் இப்போது படப்பிடிப்புத் தளமே தேவையில்லை. பயிற்சி முடிந்து வருகிற வீரர் கைபேசியை நீட்டுகிறார். ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையின் கையில் ஒரு பாட்டில். அந்தச் சந்தோஷம் நிஜம். நிஜமாயிருப்பதால்தான் விலைபோகிறது. கூலியும் இல்லை, நேரக்கணக்கும் இல்லை. ஆதர்ச நாயகனிடம் 'மாட்டேன்' என்று சொல்கிற இடத்தில் எந்தப் பிள்ளையும் இல்லை. பெற்றோரின் சம்மதமும் அதே பரவசத்துக்குள்தான் பிறக்கிறது.

2022இன் விளம்பர வழிகாட்டு நெறிகள், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களில் நட்சத்திர வீரர்கள் தோன்றுவதைத் தடுக்கின்றன. எதற்கு? உடல்நல எச்சரிக்கை தேவைப்படும் பொருளுக்கும், குழந்தைகள் வாங்க முடியாத பொருளுக்கும். பெட்டிக்கடையில் பிள்ளை தானே காசு கொடுத்து வாங்குகிற இனிப்புப் பானம் இந்த வலையில் சிக்காது.

2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற கோபிசந்த், குளிர்பான விளம்பரத்தை மறுத்தார். அதைத் தனிமனித அறமாக்கிக் கைதட்டிவிட்டு நகர்வது நமக்கு வசதி. 'குழந்தைகளைக் காப்போம்' என்ற நடுத்தர வர்க்கப் பதற்றத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் குழந்தையைப் பேச்சற்ற பொருளாகவே வைத்திருக்கிறது. பிரான்சின் 2020 சட்டத்தில் வேறொரு சாத்தியம் தெரிகிறது: தன் படத்தை நீக்கும்படி, பெற்றோர் சம்மதம் இல்லாமலே குழந்தை கேட்கலாம். அதாவது 'எங்கள்' என்பதிலிருந்து வெளியேறுகிற உரிமை.

வீரர்களின் மனசாட்சியிடம் முறையிடுவதைவிட, இந்த உரிமையை இங்கே கேட்பதுதான் அரசியல் என்பேன். கூலிக் கணக்கு அதற்குக் கூடவே வரட்டும்.