தூண்மேல் வீடு, மண்மேல் தரை

சென்னையின் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கம், மடிப்பாக்கம் பக்கங்களிலும் புதிதாக எழும் அடுக்ககங்கள் பலவற்றில் வீடு முதல் மாடியில்தான் தொடங்குகிறது. கீழே தூண்களும் வண்டிகளும் மட்டும். கார் நிறுத்தும் இந்த 'ஸ்டில்ட்' பரப்பு தளப்பரப்புக் குறியீட்டுக் கணக்கில் வராது என்பதால் கட்டுநர்களுக்கு எப்போதுமே அதன்மேல் ஆசைதான். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் வந்தபிறகு வாங்குபவர்களும் அதையே கேட்கிறார்கள். நியாயம்தான். கீழே வண்டி மூழ்கினாலும் மேலே அரிசி மூட்டை நனையாது.

ஆனால் தூண்மேல் கட்டுவதன் முழுப் பயன், தண்ணீர் அடியில் புகுந்து போக வழிவிடுவதில் இருக்கிறது. நாமோ முதலில் லாரி லாரியாக மண் கொட்டி மனையைச் சாலைக்குமேல் உயர்த்துகிறோம், சுற்றிலும் மதில் எழுப்புகிறோம், அதற்குப் பிறகுதான் ஸ்டில்ட். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகவேண்டிய நீர், பக்கத்துப் பழைய தனிவீட்டின் வாசலில் ஏறுகிறது.

கொட்டிய மண் கட்டடத்தையும் சும்மா விடுவதில்லை. மாடியின் பாரம் ஸ்லாபிலிருந்து பீமுக்கு, பீமிலிருந்து தூணுக்கு, அங்கிருந்து பைல் வழியாக ஆழத்திலுள்ள கெட்டி மண்ணுக்கு இறங்குகிறது. கார் நிற்கும் தரை பெரும்பாலும் இந்த வரிசையில் சேராது. நிரப்பிய மண்மேல் படுத்திருக்கும் கான்கிரீட் அது. மண்ணின் எடையில் அடியிலுள்ள களிமண் நீரைக் கக்கி மெல்ல அமுங்க, தரை இறங்குகிறது. தூண் இறங்குவதில்லை. தூணைச் சுற்றி விரிசல் விட்டதும் பழி கொத்தனார்மேல் விழுகிறது. அமுங்கும் களிமண் பைலையும் கூடவே கீழே இழுக்கும். அந்த இழுவையைச் சேர்க்காத அடித்தளக் கணக்கு அரைக் கணக்கு. கீழ்த்தரையையும் பீம்கள்மேல் தாங்கவைத்தால் விரிசல் பிரச்சினை தீரும், கம்பிச் செலவு ஏறும்.

இன்னொரு குறை, நிலம் அதிரும்வரை கண்ணுக்குத் தெரியாது. மேல்மாடிகளுக்குச் செங்கற்சுவர்கள் விறைப்புத் தருகின்றன. கீழே வெறும் தூண்களே ஆட்டம் முழுவதையும் வாங்கவேண்டும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தின் ஸ்டில்ட் கட்டடங்கள் பல இப்படித்தான் மடிந்தன. மறு ஆண்டு வந்த, நிலநடுக்கத்துக்கான 1893 எண் இந்தியத் தரநிலையின் திருத்தம் சென்னையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு ஏற்றியது. ஸ்டில்ட் தளத்தின் தூண், பீம்களை 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும், இல்லையேல் கான்கிரீட் விறைப்புச் சுவர் சேர்க்க வேண்டும் என்றது.

லிஃப்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவரே போதாதா என்பார்கள். அது ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தால் குலுக்கலில் கட்டடம் அதைச் சுற்றி முறுகும், எதிர்மூலைத் தூண்கள்தான் அதிகம் அடிபடும். எதிர்ப்பக்கமும் ஒரு சுவர் வேண்டும். அதற்கு ஒரு காரின் இடம் போகும். விற்பனைப் படத்தில் அந்தச் சுவரைக் காண்பது அரிது.