தூதரகமும் மதிலும்

ஓர் அரசாங்கம் தன் எல்லைக்கு வெளியே எழுப்பும் தூதரகத்தைப்போல் பலருடைய விருப்பங்களுக்கு ஒருங்கே கட்டுப்பட்ட கட்டடம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. அந்நிய நகரத்தில் நிற்பதால் அந்நகரத்தார் அதைக் கண்டு முகம் சுளிக்கலாகாது. பொதுப்பணத்தில் எழுவதால் தாய்நாட்டில் வரி செலுத்துவோன் அதை வீண் ஆடம்பரம் என்று எண்ணலாகாது. பகைவன் கண்ணில் முதலில் படுவதும் அதுவேயாகையால் உள்ளிருக்கும் உத்தியோகஸ்தரின் உயிருக்கும் அது அரணாக வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருநூறு ஆண்டுகளாக வெளிநாடுகளில் கட்டியும் வாங்கியும் விற்றும் வந்துள்ள தூதரகங்களின் சரித்திரத்தை இவ்விஷயத்தின் குணதோஷங்களை ஆராய்வதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். தான் செய்வதையெல்லாம் சட்டமாக்கி, சபையில் வாதித்து, பிறகு தானே கண்டித்தும் கொள்ளும் வழக்கம் அந்நாட்டுக்கு உண்டாதலால், ஆராய்பவனுக்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை.

தொடக்கத்தில் அக்குடியரசுக்குத் தூதரகம் கட்டும் எண்ணமே இல்லை. வெளிநாட்டில் அதற்கு முதன்முதலாகச் சொந்தமான கட்டடமே 1821-இல் மொராக்கோ சுல்தான் மௌலாய் சுலைமான் தாஞ்சியர் நகரில் தானமாக அளித்ததுதான். ராஜசபைகளின் பகட்டை வெறுத்துப் பிறந்த தேசம், தன் பிரதிநிதிகள் வாடகை வீட்டில் வாழ்வதே குடியரசுக்கு ஏற்ற எளிமை என்று கருதியது. கொள்கை அழகியதுதான், விளைவு நேர்மாறாயிற்று. வாடகையைத் தன் பையிலிருந்து கொடுக்கக்கூடியவனே பெரிய தலைநகரங்களில் தூதனாக இருக்க முடிந்தமையால், எளிமையின் பெயரால் அப்பதவி தனவந்தரின் தனியுரிமையாகிவிட்டது. இக்குறையை நீக்கவே 1911-இல் லௌடன் சட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வரை செலவிட அனுமதித்தது. 1926-இல் மற்றொரு சட்டம் 1 கோடி டாலரை ஒதுக்கியது. சிக்கனத்தில் பற்றுள்ளவர்கள் இவ்வரலாற்றை மறத்தலாகாது: தூதரகம் கட்டுவது ஆடம்பரமாகத் தோன்றினும், கட்டாமல் விடுவதிலும் ஒரு செலவு உண்டு; அதைத் தாங்குவோர் வேறாகிறார்கள், அவ்வளவே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. நேச நாடுகள் அமெரிக்காவுக்குப் பட்ட கடனை டாலராகத் திருப்பித்தர வழியின்றி நின்றன. அக்கடனை அந்தந்த நாட்டு நாணயத்திலேயே நிலமாகவும் சாமானாகவும் கூலியாகவும் ஈடுகட்டிக்கொள்ள 1946-ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. அது அனுமதித்த 12.5 கோடி டாலரில் 11 கோடி இவ்வாறு கடன் கணக்கிலிருந்து வரவேண்டியது. வராக்கடன் மாளிகையாக மாறிய இந்த விந்தையினால், அமெரிக்கக் காங்கிரஸின் முணுமுணுப்புக்கு அதிகம் அஞ்சாமல் கட்டக்கூடிய ஒரு காலம், வெளிநாட்டு விவகாரங்களைக் கவனிக்கும் ராஜாங்க இலாகாவுக்கு வாய்த்தது. 1954-இல் பியெட்ரோ பெல்லுஸ்கி முதலிய கட்டடக் கலைஞர்கள் அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்றும் அமைந்தது. கட்டடம் அந்தந்த நாட்டின் சீதோஷ்ணத்துக்கும் மரபுக்கும் மரியாதை செலுத்த வேண்டும், அதே சமயம் புதுமையாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. ஏதென்ஸில் வால்டர் குரோப்பியஸ், கராச்சியில் ரிச்சர்டு நியூட்ரா, பாக்தாதில் ஹோசே லூயி செர்ட், லண்டனில் ஈரோ சாரினென் என அக்காலத்துப் பெருங்கலைஞர்கள் இப்பணிக்கு அமர்த்தப்பட்டனர்.

இவற்றுள் நமக்கு அருகிலுள்ள உதாரணம் புதுதில்லித் தூதரகம். எட்வர்டு டுரெல் ஸ்டோன் வரைந்த இக்கட்டடத்துக்கு 1956-இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி எர்ல் வாரன் அடிக்கல் நாட்டினார். 1959 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. உயர்ந்த மேடைமேல் செவ்வக வடிவில் அமைந்து, மெல்லிய பொன்னிறத் தூண்கள் சூழ, நாற்புறமும் பூவேலை செய்த வெண் பலகணித் திரையால் வெயிலை வடிகட்டி, நடுவே நீர்த்தோட்டத்தைக் கொண்டு, முன்புறத்து வட்டத் தடாகத்தில் தன் நிழலைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் அதைக் கண்டவர்கள், மொகலாயர் காலத்து ஜாலி வேலைப்பாட்டை அமெரிக்கன் ஒருவன் இத்தனை பணிவோடு கற்றுக்கொண்டானே என்று வியந்தனர். அத்திரையின் கட்டிகளை வார்த்தவர்களும் நம் நாட்டுத் தொழிலாளரே. பிறரைப் புகழ்வதில் மகா கருமியான ஃபிராங்க் லாயிட் ரைட்டும் இதை மனமாரப் பாராட்டினார்.

எனினும் இதை முழுதும் ஒப்புக்கொள்ள என் மனம் தயங்குகிறது. ஜாலியும் தடாகமும் மரபைக் கண்ணுக்குக் காட்டும் அலங்காரமே. அம்மரபு அமெரிக்கரின் அலுவல் முறையையோ வருவோரோடு பழகும் விதத்தையோ மாற்றியதென்று சொல்வதற்கில்லை. ஸ்டோன் பிற்காலத்தில் வாஷிங்டனில் கட்டிய கென்னடி கலையரங்கத்திலும் அதே மெல்லிய தூண்களும் அதே அகன்ற கூரை விளிம்பும் தோன்றுவதைக் காணும்போது, தில்லிக்கென்றே பிறந்தது எது, ஸ்டோனுக்கென்றே பிறந்தது எது என்று பிரித்தறிவது சிரமமாகிறது. ஆயினும் விருந்தாளி வீட்டுக்காரனின் பாஷையில் நாலு வார்த்தை பேச முயன்றால், உச்சரிப்புப் பிழையைப் பொறுத்து முயற்சியை மெச்சுவது நம் பண்பு. அந்த மதிப்பை இக்கட்டடத்துக்குத் தாராளமாக அளிக்கலாம்.

லண்டனில் இந்தப் பணிவு அவ்வளவாகக் கைகூடவில்லை. மேஃபேர் நிலத்துக்கு உரிமையாளரான வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் குடும்பத்திடம் கிரோவனர் சதுக்கத்து நிலத்தைக் கிரயத்துக்குக் கேட்டபோது, அமெரிக்கப் புரட்சியில் பறிபோன தம் முன்னோரின் ஃபுளோரிடா நிலத்தைத் திருப்பித் தந்தால் விற்பதாக விடை வந்தது என்பார்கள். முடிவில் 999 ஆண்டுக் குத்தகையே கிடைத்தது. 1960-இல் திறந்த சாரினெனின் கட்டடத்தின் உச்சியில், 35 அடி சிறகு விரித்த பொன்முலாம் கழுகொன்று ஜார்ஜ் மன்னர் காலத்துப் பாணியில் அமைந்த வீடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் அதை எள்ளி நகையாடியதில் வியப்பில்லை. ஆனாலும் அங்கே ஒரு பெருங்குணம் இருந்தது: தூதரகம் நகரத்தின் நடுவே, தெருவோரத்திலேயே நின்றது. 1968-இல் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த கூட்டம் அமெரிக்காவை நோக்கிக் கோஷமிட விரும்பியபோது, எங்கே போக வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளூராரைக் கொண்டு கட்டும் நம்பிக்கையின் அடித்தளமோ மாஸ்கோவில் தகர்ந்தது. தில்லியில் உள்ளூர்க் கைத்திறனை ஏற்றது புகழாயிற்று. 1979-இல் தொடங்கிய மாஸ்கோக் கட்டடத்தில் சோவியத் தொழிலாளர் வேறிடத்தில் வார்த்துக் கொணர்ந்த கான்கிரீட்டுக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவிகள் புதைந்திருந்தமை தெரியவந்து, 1985-இல் வேலை நின்றது. மேல்மாடிகளைப் பிரித்து, அமெரிக்கத் தொழிலாளரைக் கொண்டே மீண்டும் கட்டி முடிக்க 2000 ஆயிற்று.

அதனினும் கொடிய அடி 1983 ஏப்ரலில் பெய்ரூத்தில் விழுந்தது. வெடிகுண்டு நிரப்பிய வண்டி மோதித் தூதரகத்தில் 63 பேர் மாண்டனர். அட்மிரல் பாபி இன்மன் தலைமையில் அமைந்த குழு 1985-இல் அளித்த அறிக்கை, தூதரகக் கட்டடத்துக்கும் வெளிமதிலுக்கும் இடையே 100 அடி வேண்டும் என்றது. அறிக்கை வந்தது, அதற்கேற்ற பணம் வரவில்லை. 1998 ஆகஸ்டு 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் ஸலாமிலும் குண்டுகள் வெடித்து 224 பேர் இறந்தனர். நைரோபித் தூதரகம் நகரின் நெரிசல் மிகுந்த சந்திப்பில், தெருவோடு ஒட்டி நின்றது; இடத்தை மாற்ற வேண்டும் என்று ஸ்தானிகர் புருடென்ஸ் புஷ்னெல் முன்னமே தம் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இரண்டு கட்டளைகளை இட்டது: புதிய தூதரகங்களுக்கு 100 அடி இடைவெளி வேண்டும் என்பது ஒன்று, அந்நகரிலுள்ள அமெரிக்க அரசாங்க ஊழியர் அனைவரும் ஒரே வளாகத்துக்குள் அடங்க வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் ஒரே மூச்சில் கண்டித்து, 'கோட்டை கட்டுகிறார்கள்' என்று முடித்துவிடுவது விமர்சகர்களின் வழக்கமாகிவிட்டது. அது நியாயமன்று. முதற் கட்டளையை எடுத்துக்கொள்வோம். நைரோபியில் மாண்ட 213 பேரில் அமெரிக்கர் 12 பேரே; மற்றவரில் மிகப்பெரும்பாலோர் கென்யர். பக்கத்திலிருந்த உஃபுந்தி மாளிகை அப்படியே சரிந்தது. தெருவில் போனவரும், பேருந்தில் இருந்தவரும், அடுத்த கட்டடத்தில் தட்டெழுதிக்கொண்டிருந்தவரும் தமக்குச் சம்பந்தமில்லாத பகைக்குப் பலியாயினர். 2002-இல் கராச்சித் துணைத் தூதரகத்துக்கு வெளியே குண்டு வெடித்தபோதும் இறந்தவர் பாகிஸ்தானியரே. ஆகவே 100 அடி என்பது அமெரிக்கன் தன்னைக் காத்துக்கொள்ள வகுத்த தூரம் மட்டுமன்று. அண்டை வீட்டாருக்கு அவன் பட்டிருக்கும் கடமையுமாகும். தெருவோரத் தூதரகத்தின் ஜனநாயக அழகைப் புகழ்வோர் அத்தெருவில் நடப்போரின் பக்கமிருந்தும் யோசிக்க வேண்டும். லண்டனிலேயே 2001-க்குப் பின் தடுப்புகள் எழுந்து, சாலைகள் அடைபட்டு, கிரோவனர் சதுக்கத்துவாசிகள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து முறையிடும்படியாயிற்று. கட்டடத்துக்கு விலகி நிற்க இடமில்லாதபோது நகரமே அதைவிட்டு விலகும்படியாகிறது.

இடைவெளிக்கும் அழகுக்கும் பகையில்லை என்பதற்கும் தில்லியே சான்று. நேருவின் அரசாங்கம் சாணக்கியபுரியில் தூதரகங்களுக்கென்றே விசாலமான மனைகளை வகுத்தபடியால், ஸ்டோனின் கட்டடம் 28 ஏக்கர் நிலத்தில் தெருவைவிட்டு உள்ளடங்கி நின்றது. அதனால் காலம் மாறியும் அதைக் கைவிட நேரவில்லை. மேஃபேரின் நெருக்கத்தில் நின்ற சாரினெனின் கட்டடமோ விலைபோய், இன்று ஹோட்டலாகிவிட்டது. இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கொள்கையின்கீழ் கட்டியவர்கள். இக்கட்டடங்களின் விதியை எழுதியது நிலம்; கலைஞனின் கைக்கு அதில் பங்கு குறைவு.

இடைவெளியை ஆதரிப்பதால் அதன்பின் நடந்ததையெல்லாம் ஆதரித்ததாகாது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு வகுத்த ஒரே மாதிரி வரைபடத்தைக் கொண்டு, வெப்ப நாட்டிலும் குளிர் நாட்டிலும் வேறுபாடின்றித் தூதரகங்கள் விரைவாக எழுப்பப்பட்டன. அவசரமும் செலவும் இதற்குச் சொன்ன காரணங்கள். பயத்தால் கட்டுகிறவனுக்கு அவை காரணங்களாகவே தோன்றும். அம்மனோபாவத்தின் சிகரம் பாக்தாதில் 2009-இல் திறந்த 104 ஏக்கர் வளாகம். சுமார் 75 கோடி டாலர் செலவில், உள்ளேயே மின்சாரமும் குடிநீரும் உண்டாக்கிக்கொள்ளும் அவ்விடத்தில் வாழ்பவன், பாக்தாத் நகரைக் காணாமலே தன் பணிக்காலத்தைக் கழித்துவிடலாம். ஈராக்கை அறிவதற்காக அனுப்பப்பட்டவன் ஈராக்கைத் தொடாமலிருப்பதற்கு வேண்டிய சகல வசதியும் செய்துகொடுத்த இக்கட்டடத்தை, எவ்வளவு தயவோடு நோக்கினும் வெற்றி என்று சொல்வதற்கில்லை. 2011-இல் ராஜாங்க இலாகாவே அந்த ஒற்றை வரைபடத்தைத் தளர்த்திக் கட்டடக்கலைக்கு மீண்டும் இடமளித்தது.

என் கருத்தில் பெருந்தீங்கு இழைத்தது, ஊழியர் அனைவரையும் ஒரே வளாகத்துக்குள் அடக்கிய இரண்டாவது கட்டளையே. தூதரகத்துக்குள் நுழைவோர் சொற்பம். நகரத்தின் நடுவே இருந்த அமெரிக்க நூலகத்துக்குள் நுழைந்தோர் பல்லாயிரம். மாணவனும் வேலையற்ற இளைஞனும் பத்திரிகை படிக்க வந்த முதியவரும் அமெரிக்காவை அறிந்தது ஸ்தானிகரின் விருந்துகளாலன்று, அலமாரியிலிருந்து தாமே எடுத்த புத்தகத்தால். எல்லாரும் ஒரே மதிலுக்குள் அடங்க வேண்டும் என்ற விதியினால், நகரத்தின் நடுவிலிருந்த நூலகங்கள் பல மூடப்பட்டன அல்லது சோதனைச்சாவடிகளுக்கு அப்பால் சென்றன. கைப்பையைத் திறந்து காட்டி, கைப்பேசியை ஒப்படைத்துத்தான் ஒரு நாவலை வாசிக்கலாம் என்றால், ஏற்கனவே அமெரிக்காவை விரும்புகிறவனே அதற்கு உடன்படுவான். விரும்பாதவனை வசப்படுத்தவே அந்நூலகம் திறக்கப்பட்டது என்பது மறந்துபோயிற்று.

இதற்கு மறுப்பும் உண்டு, அது இலேசானதன்று. கல்கத்தாவில் சௌரிங்கியில் தனியே நிற்கும், நூலகம் கொண்ட அமெரிக்க நிலையத்தின் வாசலில் 2002 ஜனவரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து, காவலுக்கு நின்ற நம் போலீஸார் உயிரிழந்தனர். திறந்த கதவின் விலையை அங்கே செலுத்தியவன் இந்தியக் காவலன். ஆகவே நூலகங்களையெல்லாம் உடனே தெருவுக்குக் கொண்டுவருக என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. நான் கேட்பது அவ்வளவன்று. ஆபத்து மிகுந்த நகரத்துக்கும் அமைதியான நகரத்துக்கும் ஒரே விதியைப் பொருத்தியது தவறு என்பதே என் வாதம்.

லண்டனில் 2018-இல் நைன் எல்ம்ஸில் திறந்த புதிய தூதரகம் இடைவழியொன்றைத் தேடியது. லண்டனிலிருந்த பழைய சொத்துக்களை விற்ற பணத்தில், சுமார் 100 கோடி டாலருக்கு எழுந்த அக்கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உயர்மதில் இல்லை. பிறைபோன்ற குளமும் மேடுபள்ளமான தோட்டமும் புதர்வேலிக்குள் ஒளிந்த தடுப்புக் கம்பங்களுமே அரணாகின்றன. அகழி என்று சிலர் நகைத்தனர்; நகைக்கத் தக்கதுதான், என்றாலும் மதிலைவிட அகழி கண்ணுக்கு இனியது. அப்போதைய ஜனாதிபதி டிரம்ப், இடம் ஒதுக்குப்புறம் என்று குறைகூறித் திறப்புக்கு வர மறுத்து, பழியை ஒபாமாமீது சுமத்தினார். இடமாற்றம் அறிவிக்கப்பட்டதோ 2008-இல், புஷ் ஆட்சியில். குற்றச்சாட்டின் முகவரி தவறினும் அதன் சாரம் முற்றிலும் பொய்யன்று. மேஃபேரின் நடுவிலிருந்து தேம்ஸுக்குத் தெற்கே குடிபெயர்ந்த தூதரகம், லண்டன்வாசியின் அன்றாட வழியிலிருந்து நீங்கிவிட்டது.

2022-இன் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் இவ்விரு கட்டளைகளையும் தளர்த்தி, ஆபத்து குறைந்த நகரங்களில் நிலைமைக்குத் தக்கபடி தீர்மானிக்க ராஜாங்க இலாகாவுக்கு இடமளித்தது. இடைவெளியில் அவர்கள் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அது அண்டை வீட்டாருக்கும் சேர்ந்த காப்பு. நூலகங்களையும் கலாசார நிலையங்களையும் வளாகத்துக்குள் பூட்டிவைத்த விதியையே முதலில் தளர்த்த வேண்டும்.