முதல் மடக்குக் கத்தி

ராம்பூரி கத்தி என்றாலே சினிமா வில்லன் ஞாபகம்தான். திருத்தணி மலைப்படியில் உட்கார்ந்து மாங்காய் கீற அது எதற்கு? முதல் கத்திக்கு என் ஓட்டு ஒப்பினெல் 8-ஆம் நம்பருக்கு. பிரான்சின் சவுவா மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் தொடங்கிய கத்தி வரிசை அது. எட்டரை சென்டிமீட்டர் அலகு, பீச் மரப்பிடி, 1955இல் சேர்ந்த பூட்டு வளையம்; அவ்வளவுதான். கார்பன் எஃகில் கூர் அருமையாக ஏறும். ஆனால் மாங்காய்ப் புளிப்பில் அலகு கறுக்கும்; ஈரத்தோடு மடக்கினால் துரு. சோம்பேறிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகும் உண்டு (நான் அந்தக் கட்சி). ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறி அலகு இறுகிக்கொள்ளும். நகத்தால் நெம்ப வேண்டாம். வளையத்தைத் திருப்பித் திறந்துவிட்டு, பிடியின் அடிமுனையைப் படிக்கல்லில் ஒரு தட்டு தட்டுங்கள், அலகு தானே வெளியே எட்டிப் பார்க்கும்.