கல் நசுக்கும் இயந்திரமும் மாயாபூர் கிராமத்தின் சிங்களமும்

ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'இன்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒப் டூம்' 1984இல் வெளிவந்தது. அதனைப் பேய்ப்படம் என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. எனினும், ஓடும் பட்டியில் அகப்பட்ட காவலனைக் கல் நசுக்கும் உருளை மெல்ல இழுத்துக்கொள்ளும் காட்சியைப் பார்த்த பிள்ளை அன்றிரவு நிம்மதியாக உறங்கியிராது. இத்தகைய படங்களால் எழுந்த கூச்சலின் பின்னரே, பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தணிக்கை வகுப்பு அமெரிக்காவில் அதே ஆண்டு உருவானது.

அந்த இயந்திரம் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ கலையகத்தில் நிறுவப்பட்டது. முதுகெலும்பு பாதிக்கப்பட்டு ஹரிசன் போர்ட் சிகிச்சைக்குச் சென்றுவிட, சண்டையின் பெரும் பகுதியில் உருண்டு புரண்டவர் அவரது பதிலாள் விக் ஆர்ம்ஸ்ட்ரோங்.

படத்தின் பிழைகளைத் தேடுவோர் வௌவால்களில் தொடங்குவார்கள். இரத்தம் குடிக்கும் வௌவால் என்கிறது வசனம். அவ்வினம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. திரையில் பறப்பவையோ, பேராதனைப் பூங்கா மரங்களில் பகலெல்லாம் தொங்கும் பழந்தின்னி வகை. இதெல்லாம் சிரித்துவிட்டு விடக்கூடியது.

விட முடியாதது வேறு. கதை நடப்பது 1935ஆம் ஆண்டின் வட இந்தியாவில். கதையை இந்திய அரசு ஆட்சேபித்து மாற்றங்கள் கோரியதால், 1983 ஏப்ரலில் படக்குழு கண்டிக்கு வந்தது. மாயாபூர் கிராமத்தவர்கள் வாய் திறந்தால் கேட்பது சிங்களம்! கண்டியில் வாழும் நமக்கு முதல் வாக்கியத்திலேயே அது காதில் இடறும். கிராமத்துப் பெரியவராக நடித்த டி. ஆர். நாணயக்கார சிங்களத் திரையின் மூத்த கலைஞர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கமெராவுக்குப் பின்னாலிருந்து ஸ்பீல்பேர்க் சொல்லச் சொல்ல, ஒலியை மட்டும் பிடித்துத் திருப்பிச் சொன்னார். அடுத்த சொல்லுக்காக அவர் காத்திருந்த இடைவெளிகளே நடிப்பின் கம்பீரமாகத் திரையில் நிற்கின்றன. கலைஞருக்கு அது பெருமை. இயக்குநருக்கோ, கிழக்கத்தேயர் பேசுவது எதுவானாலும் ஒரே இரைச்சல் என்பதற்கு அதுவே சாட்சி.

'தக்' கொள்ளையர் பற்றிய சித்திரமும் இப்படித்தான். பிலிப் மெடோஸ் டெய்லர் 1839இல் எழுதிய நாவலில் கொள்ளையன் அமீர் அலி ஒரு முஸ்லிம். இந்தப் படத்தில் அம்ரீஷ் பூரி ஏற்றது காளி பூசகன் வேடம். ஆளின் மதம் மாறியிருக்கிறது, ஆனால் நம்மைப் பார்க்கும் கண் அதேதான். கடைசியில் காப்பாற்ற வருவதும் பிரித்தானியத் தளபதியின் துப்பாக்கிப் படை.

உச்சக்கட்டத்தின் தொங்குபாலம் மட்டும் கலையகப் பொம்மை அல்ல. விக்டோரியா அணை கட்ட வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளர்கள் உருக்குக் கம்பி கொண்டு அதனை அமைத்துக் கொடுத்தார்கள். ஒரே தடவையில் வெடித்து அறுத்தார்கள். கீழே விழுந்தவை கைகால் உதறும் இயந்திரப் பொம்மைகள்.

அந்த 1983இல் பழைய தெல்தெனிய நகரம் கடைகளோடும் மனிதர்களோடும் இருந்தது. 1985இல் அணை திறக்கப்பட்டபோது அது நீருக்கடியில். கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அதன் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும்.